பேரத்தின் மறுபாதி

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே நடக்கும் ஒரு பேரம். கண்டுபிடித்தவர் தன் வேலையின் நுணுக்கத்தை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி, படமும் வரைந்து கொடுக்கவேண்டும். பதிலுக்கு அரசு சில காலத்துக்கு, இப்போது 20 ஆண்டுகளுக்கு, அதை வேறு யாரும் செய்யக்கூடாது என்று அவருக்கு உரிமை எழுதிக் கொடுக்கும். அவருக்குச் சேரவேண்டியது முத்திரை விழுந்த அன்றே சேர்ந்துவிடுகிறது. மக்களுக்குச் சேரவேண்டியது அந்த எழுத்து. அது மக்கள் கைக்கு வருவதற்குத்தான் பல தலைமுறைகள் ஆயின.

கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் ஏராளம். அவர்களுக்காகக் காப்புரிமை ஆவணங்களைத் தேடிப் படித்துச் சொல்வது என் தொழில். காலையில் ஒருவர் ஒரு ஸ்பிண்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தால், ஜப்பானிலும் ஜெர்மனியிலும் சீனாவிலும் அதைப்பற்றி யார் என்ன எழுதிப் பதிந்திருக்கிறார்கள் என்று மாலைக்குள் சொல்லிவிட முடிகிறது. ஆவணத்துக்கென்று ஒரு பைசா செலவில்லை. இது இணையம் கொடுத்த வரம் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இணையம் வருவதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. பட்டியல் போட்டவர்கள், வகை பிரித்தவர்கள், பூட்டைத் திற என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. அவர்களைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

வரிசையில் முதலில் நிற்பவர் பென்னட் வுட்கிராஃப்ட். 1803-இல் பிறந்தவர், மான்செஸ்டர் பக்கத்து ஆள். அப்பாவுக்குப் பட்டும் மஸ்லினும் நெய்விக்கும் தொழில். மகனும் தறியோடு வளர்ந்தார். நெய்வதற்கு முன்பே நூலில் சாயம் அச்சிடும் முறை, தறிக்கான டேப்பெட் அமைப்பு, கப்பலுக்கான திருகு விசிறி என்று அவரே பல காப்புரிமைகள் வாங்கியவர். வாங்கப்போன இடத்தில்தான் அந்த அலுவலகங்களின் லட்சணத்தை நேரில் கண்டார்.

அன்றைய இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை கிடைக்க முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் கட்டணம். சார்லஸ் டிக்கன்ஸ் 1850-இல் தன் பத்திரிகையில் ஓர் ஏழைத் தொழிலாளியின் காப்புரிமை அலைச்சலைக் கதையாகவே எழுதினார். வாங்கும் அலைச்சல் இப்படி என்றால், மற்றவர் வாங்கியதைப் பார்ப்பது அதைவிடக் கொடுமை. விவரக்குறிப்புகள் தோல் சுருள்களில் எழுதப்பட்டு லண்டனில் மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் கிடந்தன. எந்தச் சுருள் எந்த அலுவலகத்தில் என்பதற்குப் பொதுவான பட்டியல் கிடையாது. பெயரும் தேதியும் தெரிந்து போனால் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவார்கள். பொருளைச் சொல்லி, தறியைப் பற்றி இதுவரை என்னென்ன வந்திருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதாவது, புதிதாக ஒன்று செய்ய நினைப்பவன் எதைத் தெரிந்துகொள்ளவேண்டுமோ, அதை மட்டும் அங்கே தெரிந்துகொள்ளவே முடியாது.

வுட்கிராஃப்ட் தன் சொந்த உபயோகத்துக்காகப் பட்டியல் போடத் தொடங்கினார். 1617-இலிருந்து வந்த ஒவ்வொரு காப்புரிமையையும் தேதி வரிசையில் ஒன்று, பெயர் வரிசையில் ஒன்று, பொருள் வரிசையில் ஒன்று என மூன்றாகப் பதிந்தார். 1852-இல் புதிய சட்டம் வந்து, அலைச்சல் எல்லாம் ஒழிந்து ஒரே காப்புரிமை அலுவலகம் அமைந்தபோது, அந்தக் கையெழுத்துப் பட்டியலை அரசு 1000 பவுண்டு கொடுத்து வாங்கியது. விவரக்குறிப்புகளின் பொறுப்பும் அவரிடமே வந்தது. பட்டியலில் 1617 முதல் 1852 வரை மொத்தம் 14,359 காப்புரிமைகள். அதில் எண் 1, லண்டன் முதலான ஊர்களின் வரைபடங்களைச் செதுக்கி அச்சிடும் உரிமை. அத்தனைக்கும் எண் கொடுத்தவர் இவர்தான். நாம் இன்று பழைய பிரிட்டிஷ் காப்புரிமையை ஆண்டும் எண்ணும் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்றால் அது அவர் வைத்த பெயர்.

எண் கொடுத்ததோடு நிற்கவில்லை. அத்தனை சுருள்களையும் படியெடுத்து, படங்களோடு அச்சடித்தார். அச்சடித்ததை மலிவு விலைக்கு விற்றார். தொழில் நகரங்களின் நூலகங்களுக்கு முழுத் தொகுதிகளை இனாமாகக் கொடுத்தார். அதற்கு ஒரு நிபந்தனை: யார் வந்து கேட்டாலும் கட்டணம் இல்லாமல் காட்டவேண்டும். நூற்பு, நெசவு என்று பொருள்வாரியாகச் சுருக்கத் தொகுதிகளும் வெளியிட்டார். 1855 மார்ச்சில் லண்டன் சான்சரி லேன் அருகே சௌத்தாம்ப்டன் பில்டிங்ஸில் காப்புரிமை அலுவலக நூலகம் திறந்தது. நீளமாகக் குறுகிய அந்த அறைக்குச் சாக்கடைக் குழாய் என்று பட்டப்பெயர் இருந்தது. ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. பட்டறை மெக்கானிக் உள்ளே போய் உட்கார்ந்து, முதலாளி படிப்பதையே தானும் படிக்கலாம். உலகின் முதல் இலவசக் காப்புரிமைத் தேடல் வசதி என்று கேட்டால் நான் இந்த அறையைத்தான் சொல்வேன். இன்று திரையில் நாம் செய்வதெல்லாம் எண் வழி, பெயர் வழி, பொருள் வழி என்று அவர் வகுத்த அதே மூன்று வழிகளில்தான் நடக்கிறது.

அதற்குச் சற்று முன்பு அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகம் பிளாட்ஜெட் ஹோட்டல் என்ற கட்டடத்தில் இருந்தது. 1814-இல் பிரிட்டிஷ் படை ஊரைக் கொளுத்தியபோது, அலுவலகத் தலைவர் வில்லியம் தார்ன்டன் ஓடிவந்து, இது மனித குலத்துக்கே பயன்படும் அறிவு, இதை எரிக்காதீர்கள் என்று மன்றாடி அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றினார். எதிரியின் நெருப்பிலிருந்து தப்பிய கட்டடம் 1836 டிசம்பர் 15 அன்று தற்செயலாகப் பற்றிய நெருப்பில் சாம்பலானது. ஏறக்குறைய 10,000 காப்புரிமைகளின் மூலப்பதிவுகளும் மாதிரிப் பொருள்களும் போயின. உரிமையாளர்களிடம் இருந்த பிரதிகளைத் தேடி வாங்கி மீட்க முடிந்தது மூவாயிரத்துக்கும் குறைவு.

இந்த நெருப்பு எங்கள் தொழிலைத் தொட்ட நெருப்பு. கோவையில் எந்த மில்லுக்குள் போனாலும் ஓடுவது ரிங் ஃப்ரேம். அந்த ரிங் நூற்பு முறைக்கு ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஜான் தார்ப் 1828-இல் வாங்கிய காப்புரிமைதான் அடிப்படை. அப்போது மூலப்பதிவு ஒன்றே ஒன்றுதான், அதுவும் அந்தக் கட்டடத்துக்குள்தான். லண்டனில் வுட்கிராஃப்ட் எல்லாவற்றையும் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பியது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு இதை நினைக்கும்போதுதான் முழுதாக உறைக்கும். பல இடத்தில் இருக்கும் எழுத்தை ஒரு நெருப்பு அழிக்க முடியாது.

பிற்காலத்தில் அமெரிக்கர்களும் நூலகங்களுக்கு அச்சுப்பிரதி அனுப்பினார்கள். பொருள்வாரியாகப் பிரித்து, ஷூ என்று அவர்கள் அழைத்த மரப்பெட்டிகளில் அடுக்கிப் பொதுத் தேடல் அறையில் வைத்தார்கள். தேடுபவர் பெட்டியை இழுத்து, கட்டு கட்டாகத் தாள்களைக் கட்டைவிரலால் புரட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது பெரிய வசதி. திருப்பூர்க்காரருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தாள் பெருகப் பெருக, வகை பிரிப்பதே தனி சாஸ்திரம் ஆயிற்று. 1947-இல் பிரான்சும் நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் நாடுகளும் சேர்ந்து ஹேக் நகரில் ஒரு பன்னாட்டுக் காப்புரிமை நிறுவனத்தை அமைத்தன. தேடிச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அது 1978-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தோடு சேர்ந்தது. ஹேக் தேடல் அறைகளில் சேர்ந்திருந்த தாள் குவியல்தான் பின்னாளில் எஸ்பாஸ்நெட் என்ற இணையத் தேடல் தளத்தின் அடித்தளம். 1971-இல் ஸ்ட்ராஸ்பர்கில் நாடுகள் கூடி ஒரே வகைப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. 1972-இல் வியன்னாவில் இன்படாக் என்ற மையம் தொடங்கி, ஒரே கண்டுபிடிப்புக்கு எந்தெந்த நாட்டில் மனு போட்டிருக்கிறார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கோர்க்கத் தொடங்கியது.

இந்தத் தலைமுறை செய்த ஒரு சின்ன ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். எந்த நாட்டுக் காப்புரிமையாக இருந்தாலும் முதல் பக்கத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஓர் இரண்டிலக்க எண் இருக்கும். 54 என்றால் தலைப்பு. 71 மனுதாரர். 72 கண்டுபிடித்தவர். 22 மனுப் போட்ட தேதி. 51 பன்னாட்டு வகைப்பாடு. 57 சுருக்கம். 31, 32, 33 மூன்றும் முதன்முதலில் எந்த எண்ணில், எந்தத் தேதியில், எந்த நாட்டில் பதிந்தார்கள் என்பதைச் சொல்லும். சீன எழுத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாத நான் சீனக் காப்புரிமையின் முதல் பக்கத்தைக் கையில் வாங்கியதும் இது எந்த ஆண்டு, எந்த வகை, யாருடைய முன்னுரிமை என்று சொல்லிவிடுவேன். மொழி தெரியாத வாசகனும் ஒருநாள் வருவான் என்று நினைத்து யாரோ ஒரு குழு உட்கார்ந்து இந்த எண்களை ஒதுக்கியிருக்கிறது. அவர்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த 1980களின் கடைசியில் கணினித் தேடல் இருந்தது, ஆனால் அது பணக்காரர் சமாச்சாரம். லண்டனில் மான்ட்டி ஹையம்ஸ் என்ற வேதியியலாளர் 1951-இல் காப்புரிமைச் சுருக்கங்கள் எழுதி விற்கத் தொடங்கி, டெர்வென்ட் என்ற பெரிய நிறுவனமாக அதை வளர்த்திருந்தார். அவர்களுடைய சுருக்கங்கள் அருமையானவை, இன்றும் அதற்கு இணை குறைவு. டயலாக் போன்ற சேவைகள் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் அதைத் தேடலாம். தொடர்பில் இருக்கும் நேரத்துக்குக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அதனால் என்ன கேட்பது என்று முன்கூட்டியே தாளில் எழுதி, அடித்துத் திருத்தி வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். பட்டறை வைத்திருப்பவர் அந்தப் பக்கமே போக முடியாது.

எங்களுக்கு இருந்தது நாக்பூர். 1980-இல் மத்திய அரசு அங்கே காப்புரிமைத் தகவல் மையத்தைத் தொடங்கியிருந்தது. பல நாட்டு ஆவணங்கள் அங்கே வந்து சேரும். எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதமும் டிடியும் அனுப்பினால் பிரதி தபாலில் வரும். நம் நாட்டில் ஏற்கப்பட்ட மனுக்கள் இந்திய அரசிதழின் மூன்றாம் பாகம், இரண்டாம் பிரிவில் வரும். மங்கிய தாளில் பொடி எழுத்து. அதை வரி வரியாக விரலை வைத்து ஓட்டித்தான் எங்கள் துறை சம்பந்தப்பட்டதைப் பொறுக்குவேன். 1990களில் டிஃபாக் நிறுவனம் அந்த அரசிதழ் விவரங்களைக் கணினியில் ஏற்றி எகஸ்வா என்ற பெயரில் குறுந்தகடாக வெளியிட்டது. வரி ஓட்டிய விரலுக்கு அது பெரிய விடுதலை. நம் ஊரில் வுட்கிராஃப்ட் வேலையைச் செய்தவர்கள் அவர்கள் என்று நன்றியோடு சொல்கிறேன்.

இனி அமெரிக்காவில் பூட்டு உடைந்த கதை. கார்ல் மலமுட் என்று ஒருவர். லாப நோக்கமில்லாத சிறு அமைப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, 1990களின் முதல் பாதியில், அரசாங்கம் காந்த நாடாக்களில் விலைக்கு விற்றுவந்த தகவல்களை வாங்கி இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்தார். பங்குச்சந்தை ஆணையத்தில் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் அறிக்கைகள் ஒன்று, காப்புரிமைத் தகவல்கள் இன்னொன்று. அவர் நோக்கம் அதைத் தானே காலமெல்லாம் நடத்துவது இல்லை. மக்களுக்குப் பழக்கம் ஏற்படுத்திவிட்டு, நான் நிறுத்தப்போகிறேன், இனி நீங்கள் நடத்துங்கள் என்று அரசிடம் சொன்னார். பங்குச்சந்தை ஆணையம் 1995-இல் ஏற்றுக்கொண்டது. காப்புரிமை அலுவலகம் முதல் பக்க விவரங்களை மட்டும் வலையில் வைத்தது. முழு வாசகத்தையும் வைத்தால் பிரதி விற்று வரும் வருமானம் போய்விடும் என்ற கவலை இருந்தது.

இதற்கு நடுவே 1997 ஜனவரியில் ஐபிஎம் தன் சொந்த ஆராய்ச்சியாளர்களுக்காகச் செய்து வைத்திருந்த தேடல் வசதியைப் பொதுவில் திறந்துவிட்டது. 1970களிலிருந்து வந்த சுமார் 20 லட்சம் அமெரிக்கக் காப்புரிமைகள், பக்கப் படங்களோடு. ஒரு தனியார் கம்பெனி இலவசமாகச் செய்கிற காரியத்தை, அந்த ஆவணங்களை உருவாக்கிய அரசே செய்யவில்லை என்பது எல்லார் கண்ணிலும் பட்டது. 1998-இல் மலமுட் துணை அதிபர் அல் கோருக்கு எழுதினார். நீங்கள் போடாவிட்டால் நான் பணம் திரட்டி முழு நாடாக்களையும் வாங்கி நானே போடுவேன் என்பது அதன் சாரம். அந்த ஆண்டே அரசு இறங்கிவந்தது. 1976 முதலான காப்புரிமைகளின் முழு வாசகமும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் இலவசமாக வரும் என்று அறிவித்தது. பின்னர் 1790 முதலான பக்கப் படங்களும் சேர்ந்தன.

ஐபிஎம்மின் சேவை பிற்பாடு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். 2000-இல் அது டெல்ஃபியன் என்று தனிக் கம்பெனியாகப் பிரிந்தது, கட்டணச் சேவை ஆனது, பிறகு தாம்சன் நிறுவனத்தின் கைக்குப் போனது. தனியார் தாராளம் நல்லதுதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது எந்த நாளும் கதவைச் சாத்தலாம். மலமுட் அரசைத்தான் செய்யவைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதன் அர்த்தம் இதில் விளங்குகிறது. அவர் பின்னாளில் நம் நாட்டுப் பக்கமும் வந்தார். இந்தியத் தர நிர்ணயங்களை மக்கள் இலவசமாகப் படிக்கவேண்டும் என்று வாதாடி, சாம் பிட்ரோடாவோடு சேர்ந்து ‘கோட் ஸ்வராஜ்’ என்ற புத்தகமும் போட்டார்.

அதன்பிறகு வரிசையாகக் கதவுகள் திறந்தன. 1998-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் எஸ்பாஸ்நெட்டைத் தொடங்கியது. இன்று அதில் 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள். 1999-இல் ஜப்பான் தன் மின்னூலகத்தைத் திறந்தது, இப்போது அது ஜே-பிளாட்பாட். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் பன்னாட்டு மனுக்களைக் கொண்டுவந்தது. 2006 டிசம்பரில் கூகுள் 70 லட்சம் அமெரிக்கக் காப்புரிமைகளோடு இறங்கி, பழைய அச்சுப் பக்கங்களைக்கூடச் சொல் போட்டுத் தேடும்படி செய்தது. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஜெஃபர்சன் என்ற உயிரியலாளர் நடத்தும் கேம்பியா அமைப்பு லென்ஸ் தளத்தை எழுப்பியது. 2012-இல் எஸ்பாஸ்நெட்டில் இயந்திர மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது. நம் அலுவலகமும் 2005 முதல் வெள்ளிதோறும் இதழை வலையில் வெளியிடுகிறது, 2015-இல் இன்பாஸ் என்ற தேடல் தளமும் வந்தது.

இதனால் பட்டறைக்காரருக்கு என்ன கிடைத்தது? ரிங் ட்ராவலரை எடுத்துக்கொள்வோம். ரிங்மேல் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடி நூலுக்கு முறுக்கு ஏற்றும் சின்ன உலோக வளைவு அது. நகக்கண் அளவுதான் இருக்கும், விலையும் அற்பம். ஆனால் அது சூடேறித் தேய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இதற்கு வகைப்பாட்டில் D01H 7/60 என்று ஓர் இடம் உண்டு. தேடல் கட்டத்தில் ட்ராவலர் என்று போட்டால் பயணிகளுக்கான பெட்டியும் லிஃப்டும் வந்து குவியும். இந்த எண்ணைப் போட்டால் ரிங்கும் ட்ராவலரும் மட்டும் வரிசையில் வந்து நிற்கும், எந்த மொழியில் எழுதியிருந்தாலும். வந்ததில் ஒன்றைத் திறந்தால் முதலில் நான் படிப்பது கடைசிப் பக்கத்துக் கிளைம்களை. உரிமை எது என்பது அங்கேதான் இருக்கிறது. முன்னால் இருக்கும் வர்ணனை முழுக்க நமக்குக் கிடைத்த பாடம். எந்தப் பூச்சு, எத்தனை மைக்ரான், எந்தச் சூட்டில் என்று விலாவாரியாக இருக்கும்.

அடுத்துக் குடும்பத்தைப் பார்ப்பேன். இந்தியாவில் மனுப் போட்டிருக்கிறார்களா? போடவில்லை என்றால் அந்தக் கிளைம் இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. இங்கே செய்து இங்கேயே விற்கலாம், உரிமை இருக்கும் நாட்டுக்கு அனுப்பத்தான் கூடாது. போட்டிருந்தால், ஆண்டுக் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருக்கிறார்களா, 20 ஆண்டு முடிந்துவிட்டதா என்று நிலையைப் பார்க்கவேண்டும். காலாவதியான ஒவ்வொரு காப்புரிமையும் உலகத்துக்குச் சொந்தம். வக்கீல் நோட்டீஸ் வந்துவிடுமோ என்று பயந்து நல்ல யோசனையைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். யாரோ பத்து வருடம் முன்பே எழுதி வைத்ததை அறியாமல் கடன் வாங்கி டை அடித்தவர்களையும் தெரியும். இரண்டு கூட்டத்துக்கும் இப்போது பதில் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தக் கதையில் நம் நாடு வாதியாகப் போய் நின்ற இடம் ஒன்று உண்டு. 1995 மார்ச்சில் அமெரிக்கா 5,401,504 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை கொடுத்தது. காயத்தை ஆற்ற மஞ்சள் பொடியைக் கொடுக்கும் முறைக்கு உரிமை. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில் இருந்தது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, மஷேல்கர் தலைமையில், 1996-இல் மறுபரிசீலனை கேட்டது. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும் என்ற வாதம் அங்கே செல்லாது. அச்சில் வெளியானதாக இருக்கவேண்டும். அதனால் சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களிலிருந்தும், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்தும் என்று 32 சான்றுகளைத் திரட்டி மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். 1997-இல் அலுவலகம் அந்தக் கிளைம்களை நிராகரித்தது.

அந்தக் காப்புரிமையைக் கொடுத்த அலுவலகப் பரிசோதகர் மோசம் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் தேடிய பெட்டிகளில் நம் புத்தகம் இல்லை, அவ்வளவுதான். மூலிகை மருந்து முழுவதுக்கும் அன்றைய பன்னாட்டு வகைப்பாட்டில் A61K 35/78 என்று ஒரே ஒரு பொந்துதான் இருந்தது. மஞ்சளும் வேம்பும் மிளகும் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன. 2001-இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கி, ஆயுர்வேத, யுனானி நூல்களோடு சித்த மருத்துவத் தமிழ் நூல்களையும் எடுத்து, ஒவ்வொரு மருந்து முறையையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பரிசோதகர் தேடத் தக்க வடிவில் ஏற்றினார்கள். அதற்கெனத் தனி வகைப்பாடே உருவாக்கினார்கள். அந்த உழைப்பின் தாக்கத்தில் பன்னாட்டு வகைப்பாடும் மாறி, 2006 முதல் A61K 36 என்ற தலைப்பில் தாவரக் குடும்பம் குடும்பமாக ஏறக்குறைய 200 உட்பிரிவுகள் வந்தன. ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் 2009-இல் ஒப்பந்தம் போட்டு அந்த மின்னூலகத்தைப் பயன்படுத்தத் தொடங்கின. மறுபரிசீலனையில் ஜெயித்ததைவிட, வகைப்பாட்டுக்குள் இடம் பிடித்ததுதான் நிரந்தரமான வெற்றி என்பது என் கருத்து.

ஆனால் ஒரு வருத்தம் எனக்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மின்னூலகம் ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. 2022 ஆகஸ்டில்தான் மத்திய அமைச்சரவை மற்றவர்களுக்கும் கட்டண அடிப்படையில் படிப்படியாகத் திறக்க ஒப்புக்கொண்டது. திறந்துவிட்டால் பிறர் எடுத்துச் சிறிது மாற்றிப் பதிந்துவிடுவார்கள் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்படுகிறது. அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனாலும் ஓலையிலிருந்தும் அச்சிலிருந்தும் எடுத்த நம் சித்தர் மருந்து முறையை ஐரோப்பிய அலுவலகத்தின் மியூனிக் பரிசோதகர் படிக்கலாம், பாளையங்கோட்டை சித்த மருத்துவ மாணவர் படிக்க முடியாது என்று இத்தனை காலம் இருந்த நிலை எனக்கு நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது.

இன்னொன்று. நம் காப்புரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஒரு மனு வந்தால் 1912 ஜனவரி 1 முதல் இந்தியாவில் போடப்பட்ட விவரக்குறிப்புகளில் தேடிப் பார்க்கவேண்டும் என்கிறது. அந்தத் தேதிக்கு முன்பும் நமக்குச் சரித்திரம் உண்டு. 1856-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் என்ஜினியர் பங்கா இழுக்கும் இயந்திரத்துக்குத் தனியுரிமை கேட்டுப் போட்ட மனுதான் இந்தியாவின் முதல் மனு. டிபென்னிங் தொடங்கி வந்த ஒவ்வொரு பழைய விவரக்குறிப்பும், படத்தோடு, சொல் போட்டுத் தேடத் தக்க எழுத்தாகத் திரைக்கு வரவேண்டும். 14,359 சுருள்களை ஈய எழுத்து கோத்து அச்சடித்த காலத்திலேயே ஒரு தனி மனிதரின் தூண்டுதலில் இது நடந்திருக்கிறது.

மொழியும் பாக்கி இருக்கிறது. இந்தியாவில் மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் போடலாம். எஸ்பாஸ்நெட்டின் மொழிபெயர்ப்பில் 32 மொழிகள் உண்டு, தமிழ் இல்லை. கிளைம் எழுதும் ஆங்கிலம் ஆங்கிலேயருக்கே சிரமம், ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். அதனால் ஒவ்வொரு ஆவணத்திலும் முதல் கிளைமைத் துண்டு துண்டாக உடைத்துப் பட்டறைத் தமிழில் எழுதி, படத்தில் உள்ள எண்களோடு பொருத்தி, காலாவதித் தேதியையும் மேலே குறித்து, கேட்பவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். ரிங்கும் ட்ராவலரும் ஒரு கோப்பாகச் சேர்ந்துவிட்டன. காலாவதியானவற்றை முதலில் முடித்திருக்கிறேன், ஏனென்றால் அவற்றை நாளைக்கே செய்து பார்க்கலாம். இப்போது ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஜப்பானிய ஆவணங்கள் அதிகம், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.